கழுத்தைத் திருப்பினா ரன்வே தெரியுது: ஓப்பன்ட்ராக்கும் மூண்டு லைட் கிளிப்பும், நாலு மாசப் பாவனை

வீட்டில ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். குறிப்பா செஸ்னா மாதிரி சின்ன பிளேனை ஓட்டிக்கொண்டு, எல்லாம் சரியாச் செய்யிறன், ஆனா ஒவ்வொரு லேண்டிங்கும் ஏன் கோணலாப் போகுது எண்டு தலையைப் பிய்க்கிற ஆக்கள் வாசியுங்கோ. நானும் அப்பிடித்தான் கனகாலம் இருந்தனான். ஜொய்ஸ்டிக்ல பிழை, பெடல் இல்லாததால பிழை, கம்ப்யூட்டர் ஸ்லோ எண்டு ஒவ்வொண்டாச் சந்தேகப்பட்டன். கடைசியா விளங்கினது, எனக்கு கொக்பிட்டுக்குள்ள இருந்து வெளிய பார்க்கத் தெரியேல்ல, அல்லது பார்க்கிறதுக்கு வழி இல்ல.

நான் பாவிக்கிறது மூண்டு சாமான். ஒண்டு ஓப்பன்ட்ராக் எண்ட இலவச சொஃப்ட்வெயர், நாங்க தலையைத் திருப்பினா கொக்பிட்டுக்குள்ள பார்வையும் திரும்புற மாதிரிச் செய்யிறது, ஹெட் ட்ராக்கிங் எண்டு சொல்லுவினம். ரெண்டாவது பழைய பிளேஸ்டேஷன் 3 ஐ கமரா, 2007ல வந்தது, பாவிச்ச சாமான் கடையில 2500 ரூபாய்க்கு எடுத்தன். மூண்டாவது ஹெட்ஃபோன்ல கொழுவுற கிளிப், அதுல மூண்டு இன்ஃப்ராரெட் எல்இடி இருக்கு, ஒன்லைன்ல ஒரு ஆளிட்ட வாங்கினது. எல்லாமா 8000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. ஓட்டுறது மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, இடைக்கிடை எக்ஸ்-பிளேன் எண்ட மற்றச் சிமுலேட்டர்.

முதல்ல இது ஏன் வேணும் எண்டு சொல்லோணும், ஏனெண்டா கனபேர் இதை ஒரு ஆடம்பரம் எண்டு நினைக்கிறாங்கள்.

நான் எப்பவும் ஓட்டுறது எங்கட திருமலைச் சீனக்குடா எயார்போட்டில. சின்ன வயசுல இருந்து விமானப்படைப் பயிற்சி பிளேனுகள் தலைக்கு மேல சுத்திக்கொண்டே இருக்கிறதைப் பார்த்து வளர்ந்தனான், அதால சிமுலேட்டர் கையில கிடைச்ச முதல் நாளே அந்த எயார்போட்ட குறியீடு விசிசிடி எண்டு அடிச்சு அங்கதான் போய் நிண்டன். ரன்வே 06/24 (ஒரே ரன்வேதான், 06 ஒரு திசைக்கு, 24 எதிர்த்திசைக்கு), கிட்டத்தட்ட 2400 மீட்டர், கடலுக்குப் பக்கத்துல, செஸ்னா 172க்கு அது தேவைக்கும் அதிகம். 24ல எழும்பி இடப்பக்கம் திரும்பி 1000 அடியில ஒரு சுற்று வச்சா வலப்பக்கம் கிண்ணியாப் பாலம் வரும், முன்னுக்குக் கொட்டியாரக்குடா விரியும், இடப்பக்கம் ரன்வே. இதுதான் டவுன்விண்ட், ரன்வேக்குச் சமாந்தரமா எதிர்த்திசையில போறது. இப்ப எப்ப பேஸுக்கு, அதாவது ரன்வேக்குக் குறுக்கா வாற பக்கத்துக்குத் திரும்புறது? புத்தகத்துல எல்லாரும் சொல்றது ஒண்டுதான், ரன்வேட நுனி உங்கட இடத் தோளுக்குப் பின்னால 45 பாகையில வரேக்க திரும்புங்கோ எண்டு. அப்ப தோளுக்குப் பின்னால பார்க்கோணும். உண்மையான பிளேன்ல ஒரு செக்கன் வேலை. கழுத்தைத் திருப்பி, பார்த்து, திரும்பி மூக்கைப் பார்த்து, முடிஞ்சுது.

வீட்டில அது எப்பிடி நடக்கும் எண்டு பாருங்கோ. ஜொய்ஸ்டிக்ட உச்சியில சின்னக் குமிழ் ஒண்டு இருக்கும், ஹட் சுவிட்ச் எண்டு சொல்றது, பெருவிரலால தள்ளினா பார்வை அந்தப் பக்கம் போகும். 2006ல வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் காலத்துல இருந்து நான் அதைத்தான் நம்பியிருந்தன். தள்ளினா பார்வை போகுது, சரி, ஆனா போற நேரமும் வாற நேரமும் என்ட பெருவிரல் அங்க, மிச்ச விரல் ஸ்டிக்ல, குமிழைத் தள்ளுற வேகத்துல ஸ்டிக்கும் கொஞ்சம் சரியும், திரும்பி முன்னுக்குப் பார்க்கேக்க பிளேன் 150 அடி ஏறி 15 பாகை திரும்பி நிக்கும். மவுஸ்ல வலப் பட்டனை அமத்திப் பிடிச்சு இழுத்தும் பார்க்கலாம், அதுக்குத் த்ரொட்டில்ல இருக்கிற கையை எடுக்கோணும். ரெண்டும் சரிவராமல் நான் என்ன செய்தன் எண்டா டவுன்விண்ட்ல ரன்வே நுனியைக் கடந்த உடன 30 செக்கன் எண்ணிப்போட்டுத் திரும்புவன், இல்லாட்டி ஜிபிஎஸ் படத்தைப் பார்த்துத் திரும்புவன். காத்து இல்லாத நாளில அது சரி. வாடைக்காத்து 15 நொட் அடிக்கிற மாதிரி வெதரைப் போட்டா அந்த 30 செக்கன் கணக்கு முழுக்கப் பிழைக்கும், பிளேன் எங்கேயோ போய் நிக்கும். ஃபைனலுக்கு, ரன்வேக்கு நேரா இறங்கி வாற கடைசிப் பகுதிக்கு, வரேக்க ரன்வே வலப்பக்கம் கிடக்கும், நான் இடப்பக்கம் கிடப்பன், பிறகு கோணலா இழுத்து இழுத்து இறக்கிறது. அந்தப் பிழை இறங்கிற இடத்துல நடந்தது இல்ல, ரெண்டு நிமிசத்துக்கு முதல் நான் திரும்பிப் பார்க்காததுல நடந்தது.

1942 ஏப்ரல் 9ல ஜப்பான்காரன் திருமலைக்குக் குண்டு போட வரேக்க இதே சீனக்குடாவில இருந்துதான் ஹரிக்கேன் பிளேனுகள் எழும்பினது. அந்தக் காலத்துப் போர் விமானிகள் கழுத்துல பட்டுத்துணி சுத்தியிருப்பாங்கள், படங்களில பார்த்திருப்பீங்கள். அழகுக்கு எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். நாள் முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால பார்த்துக்கொண்டே இருக்கிறதால சட்டைக் கொலர் உரசிக் கழுத்துத் தோல் உரிஞ்சு போகும், அதுக்குத்தான் பட்டு. பிளேன் ஓட்டுறதுல கழுத்துக்கு எவ்வளவு வேலை எண்டு எனக்கு அதை வாசிச்ச பிறகுதான் உறைச்சுது.

சரி, சாமானுக்கு வாறன். வேலை செய்யிற விதம் லேசு. கமரா உங்கட தலை எங்க, எப்பிடித் திரும்பி இருக்கு எண்டு பார்க்குது, சொஃப்ட்வெயர் அதைக் கணக்குப் போட்டு சிமுலேட்டருக்குச் சொல்லுது, சிமுலேட்டர் கொக்பிட்டில பார்வையைத் திருப்புது. ஆனா நீங்க தலையை 90 பாகை திருப்பினா மொனிட்டரைப் பார்க்கேலாது தானே, அதால உங்கட தலை 25 பாகை திரும்பினா கொக்பிட்டில 120 பாகை திரும்புற மாதிரி பெருக்கி வைக்கிறது. கண் மொனிட்டர்லயே நிக்கும். கேக்க விசித்திரமா இருக்கும், எனக்கும் முதல் ரெண்டு நாள் தலை சுத்திச்சு, மூண்டாம் நாள் மூளை பழகிட்டு, இப்ப நான் திருப்புறதே தெரியிறதில்ல.

முதல் நான் ஒரு சதமும் செலவழிக்காமல் லப்டொப் வெப்கமராவோடதான் தொடங்கினன். ஓப்பன்ட்ராக்ல நியூரல்நெட் எண்டு ஒரு வழி இருக்கு, முகத்தில ஒண்டும் ஒட்டத் தேவையில்ல, முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும். வாங்கிறதா வேண்டாமா எண்டு யோசிக்கிற ஆக்கள் கட்டாயம் இதைத்தான் முதல் செய்து பாருங்கோ, அரை மணித்தியால வேலை, உங்களுக்குப் பிடிக்குதா இல்லையா எண்டு அண்டைக்கே தெரிஞ்சிடும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும் வேலை செய்யுது, நான் போடுறனான். ஆனா ரெண்டு விசயம் இருக்கு. வெளிச்சம் குறைஞ்சா வெப்கமரா தானா எக்ஸ்போசரைக் கூட்டும், அப்ப செக்கனுக்கு 30 படம் எடுக்கிறது 15க்கு இறங்கும், பார்வை விட்டு விட்டு வரும். எங்கட வீட்டு அறையில ட்யூப் லைட் ஃபேனுக்கு மேல கிடக்கு, ஃபேன் சுத்தேக்க அந்த நிழல் முகத்தில வெட்டி வெட்டி விழும், கொக்பிட் நடுங்கும். ஃபேனை நிப்பாட்டினா நடுங்கிறது நிக்கும், ஆனா கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல திருமலையில ஃபேன் இல்லாமல் அறைக்குள்ள இருக்கிறது மனுசரால ஏலாத காரியம். மற்றது, நியூரல்நெட் ப்ரொசெசரைச் சாப்பிடும். பழைய மெஷின் எண்டா சிமுலேட்டர்ட ஃப்ரேம் குறையும்.

அதாலதான் கிளிப்புக்குப் போனன். கிளிப்ல இருக்கிற மூண்டு எல்இடியும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடும், கமராவுக்கு மட்டும் மூண்டு புள்ளியாத் தெரியும். மூண்டு புள்ளி எப்பிடி நகருது எண்டதுல இருந்து ஆறு அசைவும் கணக்கு வரும்: இடம் வலம் திரும்புறது, மேல கீழ பார்க்கிறது, தலையைச் சரிக்கிறது, பிறகு பக்கத்துக்கு, மேலுக்கு, முன்னுக்கு நகர்றது. கமராவைக் கழட்டி உள்ள இருக்கிற இன்ஃப்ராரெட் தடுக்கிற சின்னக் கண்ணாடியை எடுக்கோணும், அதுக்குப் பதிலா மற்ற வெளிச்சத்தைத் தடுக்கிற ஒண்டைப் போடோணும். நான் போட்டது பழைய கலர் நெகட்டிவ்ட கறுத்த நுனி, ரெண்டு துண்டு ஒண்டுக்கு மேல ஒண்டு. தெரிஞ்ச ஸ்டூடியோ அண்ணா ஒராள் அலுமாரிக்குள்ள இருந்து தேடி எடுத்துத் தந்தவர், காசு வாங்கேல்ல. அந்தக் கமரா 640க்கு 480ல செக்கனுக்கு 60 படம் எடுக்கும், இதுக்கு அது தாராளம். ப்ரொசெசருக்கும் பாரமே இல்ல, மூண்டு புள்ளியைப் பார்க்கிறது முகத்தைப் பார்க்கிறதை விடச் சின்ன வேலை. லைட், ஃபேன், ஒண்டும் பிரச்சினை இல்ல.

ஆனா வெயில் பிரச்சினை. வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கு, என்ட முதுகுக்குப் பின்னால மேற்கு யன்னல், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சூரியன் நேர கமராவுக்குள்ள. திரைச்சீலை தடிப்பாப் போட்டு அது சரி. அதுக்குப் பிறகும் ஆறரை மணிக்குச் சரியா கொக்பிட் ஒரு பக்கம் துள்ளத் தொடங்கும், ஒவ்வொரு நாளும், ஒரு கிழமையா எனக்கு விளங்கவே இல்ல. எல்இடி சூடாகுதோ, வயர் பிழையோ எண்டு எல்லாம் பார்த்தன். பிறகு ஓப்பன்ட்ராக்ல கமரா படத்தைத் திறந்து பார்த்தா மூண்டு புள்ளிக்குப் பதிலா நாலு. பின்னால சாமியறைக் கதவு திறந்திருக்கு, அம்மா குத்துவிளக்கு ஏத்தியிருக்கிறா, அந்தச் சுவாலைதான் நாலாவது புள்ளி. விளக்கை நிப்பாட்டச் சொல்றதோ, கதவைப் பூட்டச் சொல்றதோ நடக்கிற காரியம் இல்ல, எனக்கு மனமும் இல்ல. புள்ளியட ஆகக் குறைஞ்ச அளவு, ஆகக் கூடின அளவு எண்டு செட்டிங்ல ரெண்டு இலக்கம் இருக்கு, வெளிச்ச அளவும் இருக்கு. சுவாலை தூரத்துல இருக்கிறதால சின்னப் புள்ளி, ஆகக் குறைஞ்ச அளவைக் கூட்டினதும் அது போயிட்டு. இப்ப விளக்கும் எரியுது, பிளேனும் ஓடுது.

செட்டிங்ல கவனிக்கவேண்டிய இடம் இதுதான், இதைச் செய்யாமல் விட்டிட்டு ஹெட் ட்ராக்கிங் சரியில்ல எண்டு கழட்டி வைக்கிற ஆக்கள் இருக்கினம். மெப்பிங் எண்ட இடத்துல ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வளைகோடு வரும். நடுவில முதல் மூண்டு பாகைக்குக் கோட்டைப் படுக்க வையுங்கோ, அப்பதான் நீங்க மூச்சு விடேக்க, ரீ குடிக்கேக்க, மீற்றர் வாசிக்கேக்க கொக்பிட் அசையாமல் நிக்கும். அதுக்குப் பிறகு மெல்ல ஏத்துங்கோ, 15 பாகைக்குப் பிறகு கெதியா ஏத்துங்கோ. மேல கீழ பார்க்கிறதுக்கு வேற கோடு, கீழ கொஞ்சம் கூட, மேல குறைய. அடுத்தது அக்செலா எண்ட ஃபில்டர், பார்வை நடுங்கிறதைக் குறைக்கிறது. ஸ்மூதிங்கை நல்லாக் கூட்டினா வழுவழுப்பா இருக்கும், ஆனா தலை போய் நிண்ட பிறகும் பார்வை பின்னால இழுபட்டு வரும், எனக்கு முதல் தலை சுத்தினது அதாலதான். குறைச்சா நடுங்கும். ரெண்டுக்கும் நடுவில உங்கட கண்ணுக்குப் பிடிச்ச இடத்தை நீங்கதான் தேடோணும், ஒரு கிழமை எடுக்கும். நடுவுக்குக் கொண்டுவாற கட்டளையையும் நிப்பாட்டி வைக்கிற கட்டளையையும் கட்டாயம் ஜொய்ஸ்டிக் பட்டன்ல வையுங்கோ. முகிலுக்குள்ள மீற்றரை மட்டும் பார்த்து ஓட்டேக்க நான் ட்ராக்கிங்கை நிப்பாட்டிப்போடுவன். சிமுலேட்டருக்கு அனுப்பிற வழியில ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்ட் எண்டதைத் தெரிவு செய்தா ஃபிளைட் சிமுலேட்டர் இதை ட்ராக்ஐஆர் (இதே வேலைக்குக் கடையில விக்கிற கம்பனிச் சாமான்) எண்டு நினைச்சு எடுத்துக்கொள்ளும், வேற ஒண்டும் செய்யத் தேவையில்ல.

இனி கொக்பிட்டுக்குள்ள வாங்கோ, நான் சொல்ல ஆசைப்படுறதே இதைத்தான்.

செஸ்னா 172ல செட்டை மேல. அதால கீழ எல்லாம் வடிவாத் தெரியும், ஆனா இடப்பக்கம் சரிச்சுத் திரும்பேக்க இடச் செட்டை கீழ வந்து சரியா நீங்க பார்க்கவேண்டிய ரன்வேயை மறைக்கும். ஹட் சுவிட்ச்ல அந்த இடத்துல ஒண்டும் செய்யேலாது, செட்டைட வெள்ளைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதுதான். இப்ப நான் கதிரையில கொஞ்சம் முன்னுக்குச் சாஞ்சு தலையைக் குனிஞ்சா செட்டைக்குக் கீழால ரன்வே தெரியுது. முதல் தரம் அப்பிடித் தெரிஞ்ச நேரம் என்ட கை தானா பேங்கை, அதாவது பிளேன்ட சரிவைக் குறைச்சுது. நான் யோசிக்கேல்ல, கணக்குப் போடேல்ல, கண் கண்டுது, கை செய்தது. 30 செக்கன் எண்ணுறதை அண்டையோட விட்டிட்டன்.

பேஸ்ல இருந்து ஃபைனலுக்குத் திரும்பிறதும் அப்பிடித்தான். 24ல இறங்கிறதெண்டா அந்த நேர்கோட்டைப் பின்னால நீட்டிப் பார்த்தா கோணேசர் கோயில் பக்கமாப் போகும், எட்டொன்பது கிலோமீட்டர். நீட்டி எடுக்கிற நாளில நான் அந்தக் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு மேல வந்து, உள்துறைமுகத்துக்கு மேலால போய், தண்ணி முடியிற இடத்துல ரன்வேயைப் பிடிப்பன். அப்ப பார்வை ஒரு இடத்துல நிக்காது. ரன்வே, வேகம், ரன்வே, உயரம், இடச் செட்டை நுனி, திரும்ப ரன்வே. ஒவ்வொண்டுக்கும் ஒரு பட்டன் அமத்தினா அந்தப் பத்து செக்கனுக்குள்ள எத்தினை தரம் அமத்துவீங்கள்? இப்ப அது கழுத்துட வேலை, விரல் ஸ்டிக்ல மட்டும்.

சின்னச் சின்ன விசயமும் இருக்கு. ஃபியூல் செலக்டர், எந்த டாங்கில இருந்து எண்ணெய் வரோணும் எண்டு தெரிவு செய்யிற திருகி, செஸ்னாவில கீழ, ரெண்டு சீட்டுக்கும் நடுவில நிலத்தோட. அதை நான் வருசக்கணக்கா செக்லிஸ்ட்ல வாசிச்சு ஓம் எண்டு சொல்லிட்டுப் போனனே ஒழிய ஒரு நாளும் குனிஞ்சு பார்த்ததில்ல. இப்ப குனிஞ்சா அது கண்ணுக்கு முன்னால நிக்குது, போத், ரெண்டு டாங்கியும், எண்டதுல நிக்குதா எண்டு பார்த்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுறன். மூக்கு மேல கீழ போகாமல் சமன்படுத்துற ட்ரிம் சக்கரத்தைப் பார்த்து டேக்ஓஃப் அடையாளத்துல வைக்கிறன். முன்னுக்கு நகர்ந்தா மீற்றர் பெருசாகுது, ஸூம் பட்டன் எங்க இருந்துது எண்டே மறந்துபோச்சு. டெக்ஸி போகேக்க, அதாவது பிளேனை நிலத்தில உருட்டிக்கொண்டு போகேக்க, சந்தியில ரெண்டு பக்கமும் பார்த்திட்டுப் போறன், மோட்டச்சைக்கிள்ல என்.சி. ரோட்டுக்கு ஏறேக்க பார்க்கிற மாதிரி.

குறையும் சொல்லோணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓட்டினா கழுத்து உளையும், ஏனெண்டா தலை ஒரு பக்கம், கண் மற்றப் பக்கம். மொனிட்டர் கண் உயரத்துக்கு வந்தா அது பாதியாக் குறையும், நான் கீழ ரெண்டு தடிச்ச பலகை வச்சன். மூண்டு புள்ளி வேலை செய்ய எல்லாப் புள்ளியும் கமராவுக்குத் தெரியோணும், கூடத் திருப்பினா ஒண்டு மறைஞ்சு பார்வை அந்த இடத்துல உறைஞ்சு நிக்கும். கிளிப் எந்தப் பக்கமோ கமராவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சா குறையும். கொக்பிட்டில பட்டன் அமத்தேக்க மவுஸ்ல குறி வைக்கிறது கஷ்டம், தலை அசைஞ்சா பட்டனும் அசையும். அதுக்கும் நிப்பாட்டிற பட்டன்தான் வழி. பெரிய ஜெட் மட்டும் ஓட்டி, ஓட்டோபைலட் போட்டு, ஐஎல்எஸ் எண்ட ரேடியோ வழிகாட்டியில இறக்கிற ஆக்களுக்கு இதால பெரிய வித்தியாசம் வராது, அவைக்கு நான் வாங்கச் சொல்லமாட்டன்.

மற்றச் சாமானுகளைப் பற்றிக் கேப்பீங்கள். ட்ராக்ஐஆர் 5 கூட்டாளி ஒராள்ட்ட இருக்கு, ரெண்டு பின்னேரம் பாவிச்சுப் பார்த்தன், செக்கனுக்கு 120 படம், பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலத்துல பறக்கலாம், நெகட்டிவ் தேடுற வேலை ஒண்டும் இல்ல. நான் பார்த்த நேரம் 150 டொலருக்குக் கிட்ட இருந்துது, எங்கட காசுல 45000 தாண்டிச்சு, அதோட இங்க கொண்டுவாற செலவு. காசு இருந்து நேரம் இல்லாத ஆக்களுக்கு அது சரி. விஆர் ஹெட்செட்டில ஆழமே தெரியும், அதுக்குக் கிட்ட வேற ஒண்டும் வராது, ஆனா அதுக்கேத்த கம்ப்யூட்டர் வேணும், இந்தச் சூட்டுல முகத்துல கட்டிக்கொண்டு ஒரு சுற்று முடிக்கேக்க வேர்வை கண்ணுக்குள்ள போகும்.

என்ட தீர்ப்பு, ஓப்பன்ட்ராக்குக்கு முழுப் புள்ளி, கமராவுக்கும் முழுப் புள்ளி. கிளிப்புக்குப் பாதிதான் தருவன். வந்த நேரமே நடு எல்இடி மற்ற ரெண்டையும் விட மங்கல், வயர் பிடிக்கிற இடத்துல சோல்டர் ஒழுங்கில்ல, ரெண்டாம் கிழமை கழண்டுது. ரேடியோ திருத்துற அண்ணா ஒராள் மூண்டையும் கழட்டி அகலமா வெளிச்சம் விடுற எல்இடி போட்டு, தொடராக் கட்டி, சின்ன ரெசிஸ்டர் ஒண்டும் வச்சுத் தந்தவர், அதுக்குப் பிறகு ஒரு நாளும் பிழைக்கேல்ல. உங்கட ஊர்ல அப்பிடி ஒராள் இருந்தா முதலே அவரிட்டச் செய்விக்கிறது நல்லம், யூஎஸ்பி வயர் மட்டும் ரெண்டரை மீட்டருக்குக் குறையாமல் கேளுங்கோ, குறைஞ்சா தலையைத் திருப்பேக்க இழுக்கும். ஒன்லைன்ல வாங்கிறதெண்டா எல்இடிக்கு எல்இடி எத்தினை மில்லிமீட்டர் எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ, ஓப்பன்ட்ராக்ல அந்த அளவைப் போடாட்டிப் பார்வை சரியா வராது. எனக்கு வந்த பெட்டியில அது இல்ல, மகள்ட அடிமட்டத்தை வாங்கி நானே அளந்து போட்டன்.